மூன்று சதவீதப் பங்காளி

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தமிழக அரசு ஒரு கூட்டாளி. பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கு அந்தக் கூட்டில் என்ன இடம்?

விடிவதற்கு முன்பே பழவேற்காட்டின் தோணிரேவுக் கரை விழித்துக்கொள்ளும். இரவெல்லாம் ஏரியில் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக வந்து தரை தட்டும். இறாலை ரகம் பிரித்துக் கூடையில் கொட்டுவார்கள். வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் எடுப்பது தனி வித்தை. கால் போனால் பாதி விலை போச்சு. ஐஸ் பெட்டியோடு வியாபாரிகள் நிற்பார்கள். மடவை மீனுக்கும் வெள்ளை இறாலுக்கும் பேரம் சூடு பிடிக்கும்போது கிழக்கே வெளுத்திருக்கும்.

மீன் விலைக்கும் முன்னால் ஏரிக்கரை ஊர்களில் விசாரிக்கப்படும் சங்கதி ஒன்று உண்டு. முகத்துவாரம் எப்படி இருக்கிறது?

பழவேற்காடு ஏரி கடலோடு பேசும் வாசல் அது. அது திறந்திருந்தால்தான் கடல்நீர் உள்ளே வரும். அந்த நீரோடு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வரும். படகு கடலுக்குப் போக வேண்டுமானாலும் அதே வழிதான். கோடையில் ஆற்று நீர் வற்றி, கடல் மணலைத் தள்ளிக்கொண்டு வரும்போது வாசல் தூர்ந்துவிடும். அப்புறம் ஏரி சூடேறும், உப்பு ஏறும், வலை வெறுமையாகத் திரும்பும். ஆண்டு முழுக்க முகத்துவாரத்தைத் திறந்து வையுங்கள் என்பதுதான் இந்த ஊர்களின் பல்லாண்டுக் கோரிக்கை. இரு பக்கமும் கருங்கல் சுவர் எழுப்பி அதை நிரந்தரமாக நிலைநிறுத்தத் தமிழக அரசு ஒதுக்கிய தொகை 26.85 கோடி ரூபாய்.

அங்கிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர் தெற்கே, அதே கரையில், 53,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுத் துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டம் ஒன்று காகிதத்தில் காத்திருக்கிறது. அதிலும் அரசு ஒரு பங்காளி.

97-ம் 3-ம்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கதை கப்பல் கட்டும் தளத்தில் தொடங்குகிறது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் என்னும் டிட்கோவும் எல் அண்ட் டி நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் ஒரே வளாகத்தில் வரும் என்றார்கள். கூட்டு நிறுவனத்தில் எல் அண்ட் டி-க்கு 97 சதவீதம், டிட்கோவுக்கு 3 சதவீதம். 2013-ல் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2015-ல் அதை இயக்கும் பொறுப்பு அதானி துறைமுக நிறுவனத்துக்குப் போனது. 2018-ல் எல் அண்ட் டி தன் வசமிருந்த 97 சதவீதத்தை 1,950 கோடி ரூபாய் மதிப்பில் அதானிக்கே விற்றது. டிட்கோவின் 3 சதவீதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அரசு - தனியார் கூட்டு என்று மேடையில் சொல்லும்போது இரு தோள்களும் சமமாகச் சுமக்கும் பல்லக்கு ஒன்று நம் கண்ணில் தெரிகிறது. காகிதத்தில் பார்த்தால் ஒரு பக்கம் தோள், மறுபக்கம் சுண்டு விரல். 3 சதவீதத்தை வைத்துக்கொண்டு நிர்வாகக் குழுவில் எந்த முடிவையும் தடுக்க முடியாது. ஆனால் 'இது அரசும் சேர்ந்த திட்டம்' என்று சொல்லிக்கொள்ள அது தாராளமாகப் போதும். நிலம் கேட்கும்போதும் அனுமதி கேட்கும்போதும் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது அரசு அலுவலகப் படி ஏறிய எவருக்கும் தெரியும்.

▣ பெட்டிச் செய்தி: விரிவாக்கத் திட்டம் என்ன கேட்கிறது?

• இப்போதைய கொள்ளளவு ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன். கேட்பது 320 மில்லியன் டன். நாட்டின் பெருந்துறைமுகங்கள் எல்லாம் சேர்ந்து 2020-21-ல் கையாண்ட சரக்கே சுமார் 672 மில்லியன் டன்தான்.
• இப்போதைய பரப்பு ஏறக்குறைய 330 ஏக்கர். கேட்பது 6,111 ஏக்கர்.
• அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் இன்று நிலமே அல்ல, கடல். மண் கொட்டி உருவாக்க வேண்டியது.
• பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு 2021 ஜனவரி 22 என்று நாள் குறித்தார்கள். கொரோனா காலம், தள்ளிப்போனது. மறுபடி 2023 செப்டம்பர் 5 என்றார்கள். அதுவும் தள்ளிவைக்கப்பட்டது.

அரசு ஏன் ஒதுங்கியது?

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சென்னைத் துறைமுக வாசலில் நாள்கணக்கில் நின்ற கன்டெய்னர் லாரிகளை வடசென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலை பாதித் தூண்களோடு வருடக்கணக்கில் நின்றதும் நாம் பார்த்ததே. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் செய்பவர்கள் கப்பலுக்காகக் காத்திருக்க முடியாது. 'அரசால் வேகமாகச் செய்ய முடியவில்லை, செய்யக்கூடியவர்களிடம் கொடுங்கள்' என்ற வாதம் அந்த லாரி வரிசையிலிருந்து பிறந்தது. அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

1991-க்குப் பிறகு இந்தியா தேர்ந்தெடுத்த வழி, அரசு துறைமுகத்தை ஓட்டாது, நிலச்சொந்தக்காரராக மட்டும் இருக்கும் என்பது. வளரும் நாடுகளில் பல அதே வழியில் நடந்தன. காட்டுப்பள்ளியை ஒட்டிய எண்ணூர் அதன் முதல் பரிசோதனைக் களங்களில் ஒன்று. மின்வாரியத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காகத் திட்டமிடப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், 2001-ல் திறக்கப்பட்டபோது கம்பெனிச் சட்டத்தின் கீழ் இயங்கும் நாட்டின் முதல் பெருந்துறைமுகமாக இருந்தது. அடுத்து வந்த முனையங்கள் பலவற்றைத் தனியார் கட்டினார்கள். அரசு வாடகையும் வருவாய்ப் பங்கும் வாங்கியது.

இந்தச் சீர்திருத்தத்தின் உச்சக்காட்சி 2020-ல் வந்தது. காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறிவிட்ட அந்தக் கம்பெனியில் மத்திய அரசு வைத்திருந்த 66.67 சதவீதப் பங்கை 2,383 கோடி ரூபாய்க்கு வாங்கியது யார் தெரியுமா? சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம். மீதிப் பங்கு ஏற்கெனவே அதனிடம்தான் இருந்தது. அரசு தன்னிடமே விற்றுத் தன்னிடமே வாங்கியதைப் பங்கு விலக்கல் கணக்கில் எழுதிக்கொண்டது.

தனியாருக்கும் எல்லாம் தேனும் பாலுமாக இல்லை. எண்ணூரில் சிக்கால் நிறுவனம் இரும்புத் தாது ஏற்றுமதிக்கென்றே ஒரு முனையத்தைக் கட்டியது. 2010-ல் கர்நாடகம் தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் பல்லாரிச் சுரங்கங்களை நிறுத்தியது. தாது ஏற்றக் கட்டிய முனையம் ஏற்றத் தாது இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்து, கடைசியில் நிலக்கரிக்கு மாறியது.

அந்த நஷ்டத்தை யார் சுமப்பது என்பதைப் பற்றியாவது பேச ஒரு ஒப்பந்தம் இருந்தது. சரக்கு குறைந்தால் என்ன, வட்டி ஏறினால் என்ன, சட்டம் மாறினால் என்ன, புயல் அடித்தால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொரு ஆபத்தையும் இன்னார் தலையில் என்று இறக்கிவைப்பதுதான் இந்தக் கூட்டு ஒப்பந்தங்களின் சாரமே. 2015-ல், அரசு - தனியார் கூட்டுகளை ஆராய்ந்த விஜய் கேல்கர் குழு இதே விஷயத்தைத்தான் மத்திய அரசுக்கு எடுத்துச் சொன்னது. எந்த ஆபத்தை யாரால் நன்றாகச் சமாளிக்க முடியுமோ, அதை அவரிடம் விடவேண்டும்.

மணல் யார் கணக்கில்?

அப்படியானால் மணல் நகர்வு என்ற ஆபத்து யாரிடம் விடப்பட்டிருக்கிறது?

சோழமண்டலக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் வடக்கு நோக்கிப் போகிறது. நடுவில் அலைத்தடுப்புச் சுவர் ஒன்றைக் கடலுக்குள் நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை கரையும். இதற்குப் புதிய ஆய்வு தேவையில்லை, சென்னையே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் எழும்பிய பிறகு தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரையை இழந்து கருங்கல் கொட்டிக்கொண்டிருக்கின்றன. மெரினாவில் காற்று வாங்கப் போகிறவர்கள் காலடி மணலுக்கு வடசென்னை கொடுத்த விலையை நினைப்பதில்லை.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது நகரம் அல்ல. ஒரு மெல்லிய மணல் திட்டு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கொசஸ்தலையாற்று உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் பழவேற்காட்டின் தென்கோடி நீர்ப்பரப்பும். விரிவாக்கம் நடந்தால் சுவர் நீளும், கடலுக்குள் புது நிலம் முளைக்கும். அந்தத் திட்டு அறுந்தால் கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும் என்பதுதான் மீனவர்களும் சூழலியலாளர்களும் திரும்பத் திரும்பச் சொல்லும் அச்சம். ஏரி என்பது பாதி உப்பு, பாதி நன்னீர் என்ற நுட்பமான கலவை. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. கலவை மாறினால் முதலில் போவது இறால்.

மீன்வளம் மட்டுமல்ல. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் மழைக்காலத்தில் கொண்டுவரும் வெள்ளம் இந்தச் சதுப்பில்தான் பரந்து, தணிந்து, கடலுக்குப் போகிறது. அந்த இடத்தை மேடாக்கினால் மீஞ்சூரிலும் மணலியிலும் தண்ணீர் ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்து வலையையும் படகையும் கறுப்பாக்கியது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியபோது வாளியில் அள்ளினார்கள். இரண்டு முறையும் முதலில் தொழில் இழந்தவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதவர்கள்.

கரை கரைந்தால் துறைமுக நிறுவனத்துக்கு அது 'சூழல் மேலாண்மைத் திட்ட'த்தில் ஒரு பத்தி. அரசுக்கு அடுத்த பட்ஜெட்டில் ஒரு தடுப்புச் சுவர். மீனவருக்கு வீடு. கேல்கர் குழு சொன்ன விதியைத் தலைகீழாகப் பிடித்ததைப் போல, சமாளிக்கவே முடியாதவரிடம் அந்த ஆபத்து போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஏரியில் ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் உண்டு

பழவேற்காட்டுக்குப் பங்கீடு புதிதல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய இறால் வளமுள்ள இடங்களில் யார், எந்த நாளில், எங்கே சுத்து வலை கட்டலாம் என்பதைத் தலைமுறைகளாக முடிவு செய்துவருவது பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் அதில் மூத்தவை. தலைக்கட்டுக் கணக்கில் உறுப்பினர், குலுக்கலில் இடம், சுழற்சியில் முறை. நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. மீறினால் ஊர்க்கூட்டம் கேட்கும்.

இதை ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. பாடு எல்லா ஊருக்கும் கிடையாது. பிற சாதியினருக்கு அந்தக் குலுக்கலில் சீட்டு இல்லாதது பல சச்சரவுகளுக்கு வித்திட்டிருக்கிறது. இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு வலையும் இல்லை, பாடும் இல்லை. முகத்துவாரம் அடைபடும் காலத்தில், இருக்கிற கொஞ்ச இறாலுக்கு ஊருக்கு ஊர் முறைத்துக்கொள்வதும் உண்டு.

ஆனாலும் பாடு முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. யார் உள்ளே, யார் வெளியே என்பது எல்லாருக்கும் தெரியும். வெளியே நிறுத்தப்பட்டவர் ஊரில் போய்ச் சண்டை போடலாம். துறைமுகக் கூட்டில் ஏரி ஊர்கள் உள்ளேயா வெளியேயா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஏரிக்குப் பட்டா கிடையாது, முகத்துவாரத்துக்குச் சந்தை மதிப்பு கிடையாது. இழப்பீட்டுக் கணக்கு நிலத்தில் தொடங்கி நிலத்திலேயே முடிகிறது.

▣ பெட்டிச் செய்தி: பழவேற்காட்டின் முதல் கம்பெனி

அரசு அதிகாரத்தைக் கம்பெனியிடம் கொடுப்பது இந்த ஊர் நானூறு ஆண்டுக்கு முன்பே பார்த்த காட்சி. 1602-ல் உருவான டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒப்பந்தம் போடவும் கோட்டை கட்டவும் படை வைக்கவும் அந்நாட்டு அரசு சாசனம் கொடுத்தது. 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது. கம்பெனி இங்கே நாணயம் அடித்தது, துணி வாங்கியது, அடிமைகளையும் கப்பலேற்றியது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மிச்சம் இருப்பவை கோட்டையின் இடிபாடுகளும் டச்சுக் கல்லறைகளும்.

வேலை தருகிறோம் என்றார்கள்

இப்பகுதிக்கு இடப்பெயர்ச்சி பழகிப்போன ஒன்று. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது அந்தத் தீவிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் ஏரிக்கரையில் குடியேறின. காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் துறைமுகத்துக்காக இடம் மாறினார்கள். வீட்டுக்கு ஒரு வேலை என்ற பேச்சு ஒவ்வொரு தொழிற்சாலையோடும் வருகிறது. 2022-ல் பழவேற்காட்டுப் பகுதி மீனவர்கள் துறைமுகத்தில் நிரந்தர வேலை கேட்டுப் போராடினார்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக எத்தனை வருடம் இருப்பது என்பதுதான் அவர்கள் கேள்வி.

இந்தப் போராட்டத்தைக் காட்டி, 'பார்த்தீர்களா, அவர்களே துறைமுக வேலை கேட்கிறார்கள்' என்று சிலர் வாதாடுகிறார்கள். ஏரி சரியாக இருந்தபோது யாரும் கேட்டில் போய் நிற்கவில்லை என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. கன்டெய்னர் துறைமுகம் ஆட்களை நம்பி ஓடுவதில்லை, கிரேனையும் கணினியையும் நம்பி ஓடுவது. கையால் இறால் துழாவும் பெண்ணுக்கு அதில் என்ன பணி தரமுடியும் என்று எந்த அறிக்கையும் இதுவரை யோசித்ததாகத் தெரியவில்லை.

கொழும்பில் 15, விழிஞ்ஞத்தில் 40

பக்கத்து வீடுகளையும் எட்டிப் பார்ப்போம். கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பானோடு சேர்ந்து நடத்த 2019-ல் இலங்கை ஒப்புக்கொண்டது. துறைமுகத் தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. 2021 பிப்ரவரியில் அரசு பின்வாங்கியது. பதிலாக மேற்கு முனையம் தரப்பட்டது. அதில் அதானிக்கு 51 சதவீதம், ஜான் கீல்ஸ் நிறுவனத்துக்கு 34, இலங்கைத் துறைமுக அதிகாரசபைக்கு 15. காலம் 35 ஆண்டு. அம்பாந்தோட்டையை 99 ஆண்டுக்குச் சீன நிறுவனத்திடம் 1.12 பில்லியன் டாலருக்குக் குத்தகை விட்டுச் சூடு கண்ட நாடு அது. கடனில் முழுகிய இலங்கை கேட்டு வாங்கிய 15 சதவீதத்தைத் தொழில் வளர்ச்சியில் முன்னணி என்று மார்தட்டும் தமிழகத்தின் 3 சதவீதத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கேரளத்தின் விழிஞ்ஞம் இன்னும் நெருக்கமான பாடம். 2015-ல் அதானியோடு போடப்பட்ட துறைமுக ஒப்பந்தத்தை 2017-ல் தணிக்கைத் துறைத் தலைவர் அறிக்கை பிரித்து மேய்ந்தது. வழக்கமான 30 ஆண்டுக்குப் பதிலாக 40 ஆண்டு கொடுத்ததால் மட்டும் நிறுவனத்துக்கு 29,217 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் கிடைக்கும் என்று கணக்குக் காட்டியது. 2022-ல் கரை அரிப்பைக் காரணம் காட்டி லத்தீன் கத்தோலிக்க மீனவர்கள் நான்கு மாதத்துக்கு மேல் போராடினார்கள். 2025 மே மாதம் துறைமுகம் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. மாநிலத்துக்கு வருவாய்ப் பங்கு வரத்தொடங்குவது 2034-ல். கரை அரிப்புக்கு அப்படிப்பட்ட காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது.

ஒரே ஆள், மூன்று நாற்காலி

காட்டுப்பள்ளிக்குத் திரும்புவோம். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் இந்த விரிவாக்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்று தி.மு.க. வாக்குக் கொடுத்தது. ஆட்சிக்கு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, அதே ஆட்சியின் கீழ் இயங்கிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக்கு நாள் குறித்தது. எதிர்ப்பு எழுந்தது, கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

இதை ஒரு கட்சியின் இரட்டை வேடம் என்று மட்டும் பார்த்தால் விஷயம் கைநழுவிவிடும். வேடம் அமைப்பிலேயே இருக்கிறது. டிட்கோவின் வடிவில் அரசு துறைமுகத்தின் பங்காளி. கடல்சார் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ற வடிவில் அதுவே கண்காணிப்பாளர். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மாவட்ட ஆட்சியரின் வடிவில் அதுவே நடுவர். சீர்திருத்தம் என்றால் அரசு தொழில் நடத்துவதை விட்டுவிட்டு விதிகளைக் காப்பாற்றும் வேலைக்கு வரும் என்றுதானே சொன்னார்கள்? நடந்தது பாதிதான். தொழிலை விட்டது, காவலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. 3 சதவீதம் கையில் இருக்கும்வரை அந்தக் காவல்மேல் ஏரிக்கரைக்கு நம்பிக்கை வராது.

வழி இல்லாமல் இல்லை. டிட்கோ தன் 3 சதவீதத்தை விற்றுவிட்டு அரசை வெறும் கண்காணிப்பாளராக விடலாம். அல்லது கொழும்பைப் போலப் பேசத்தக்க பங்கைக் கேட்டு வாங்கி, கரை அளவீட்டையும் முகத்துவார ஆழத்தையும் ஒப்பந்த நிபந்தனையாக்கலாம். கரை இத்தனை மீட்டர் கரைந்தால் துறைமுகப் பணி நிற்கும், செலவு நிறுவனத்துடையது என்று எழுதலாம். அளப்பவர் இரு தரப்புக்கும் வெளியாளாக இருக்கவேண்டும். சரக்கு வரத்துக் குறைவுக்குச் சூத்திரம் எழுதத் தெரிந்த வக்கீல்களுக்கு மணல் குறைவுக்கு எழுதத் தெரியாதா என்ன?

கருத்துக் கேட்பு தள்ளித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த தேதியை அறிவிக்கும்போது, 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்கவேண்டும். நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும் முழு அறிக்கையைத் தமிழில் தரவேண்டிய கட்டாயம் அந்த அறிவிக்கையில் இல்லை. சுருக்கத்தைத் தமிழில் தந்தால் போதும். தோணிரேவு, காளாஞ்சி போன்ற கரையோர ஊர்களில் அந்தச் சுருக்கம் கைக்கு வருபவர்கள் முதலில் தேடவேண்டிய வரிகள், வடக்குக் கரையின் அரிப்புக்கு எத்தனை கோடி ஒதுக்கியிருக்கிறார்கள், அதை யார் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்பவை.